சந்தையை வென்றேன் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுகளாக நானும் என் தம்பியும் தனித்தனியே பங்குகளில் முதலீடு செய்து வருகிறோம். என் முதலீட்டுத் தொகுப்பு ஆண்டுக்குச் சராசரியாக 13.4 சதவீதமும், தம்பியின் தொகுப்பு 10.6 சதவீதமும் வருமானம் தந்துள்ளன. சந்தைக் குறியீடு இதே காலத்தில் 11 சதவீதம் தந்தது. இடரற்ற வட்டி விகிதம் சராசரியாக 5 சதவீதம். நாங்கள் கணக்கு வைத்திருக்கும் தரகு நிறுவனத்தின் அறிக்கையில் என் தொகுப்பின் பீட்டா 1.5, திட்ட விலக்கம் 26 சதவீதம் என்றும், தம்பியுடையதன் பீட்டா 0.8, திட்ட விலக்கம் 16.2 சதவீதம் என்றும் இருக்கிறது. சந்தையின் திட்ட விலக்கம் 16 சதவீதம். நான் சந்தையையே வென்றிருப்பதால் தம்பியின் பணத்தையும் நானே நிர்வகிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், தம்பியும் சம்மதித்துவிட்டான். பொறுப்பை ஏற்கும் முன் கேட்கிறேன்: நான் உண்மையிலேயே சந்தையை வென்றிருக்கிறேனா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பொறுப்பை ஏற்ற பிறகு கேட்காமல், ஏற்கும் முன்னரே கேட்டீர்கள் என்பதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் சந்தையைவிட அதிகம் ஈட்டியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சுமந்த சந்தை இடரைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், சந்தையை வென்றதாகச் சொல்ல முடியாது. அந்த அளவுகோலில் உங்கள் தம்பியின் தொகுப்பே உங்களுடையதைவிடச் சற்று மேலே நிற்கிறது. அதே சமயம், அவர் வென்றுவிட்டார் என்று முடிவு கட்டவும் நீங்கள் அனுப்பியுள்ள எண்கள் போதாது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்குகிறேன், ஏனெனில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இந்தக் கணக்கின் மேல் நகரப் போகிறது.

பீட்டா 1.5 என்பதன் பொருள், சந்தை ஒரு சதவீதம் நகரும்போது உங்கள் தொகுப்பு சராசரியாக ஒன்றரை சதவீதம் அதே திசையில் நகர்ந்திருக்கிறது என்பதே. இப்படிப்பட்ட நகர்வைப் பெறுவதற்குப் பங்குத் தேர்வில் எந்தத் திறமையும் தேவையில்லை. ஒருவர் தம் கையிலுள்ள 100 ரூபாயோடு, இடரற்ற வட்டிக்கு (இழப்பு அபாயமே இல்லாத முதலீட்டுக்குக் கிடைக்கும் வட்டிக்கு) 50 ரூபாய் கடன் வாங்கி, மொத்தம் 150 ரூபாயையும், குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு உறங்கப் போயிருந்தாலும் அவருடைய பீட்டா 1.5 ஆகவே இருந்திருக்கும். அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வருமானம் எவ்வளவு? 11 சதவீதத்தின் ஒன்றரை மடங்கு 16.5, அதிலிருந்து கடன் வட்டியாக 2.5 கழிந்தால் 14 சதவீதம். ஐந்து ஆண்டுகள் நிறுவனங்களின் அறிக்கைகளைப் படித்து, பங்குகளைத் தேர்ந்து, வாங்கி விற்று நீங்கள் ஈட்டியது 13.4 சதவீதம். எந்தப் பங்கையும் தேர்ந்தெடுக்காமல் அதே அளவு சந்தை இடரை மட்டும் ஏற்ற ஒருவர், கடன் வட்டி அந்த விகிதத்திலேயே கிடைத்திருந்தால், உங்களைவிட 0.6 சதவீதம் அதிகம் ஈட்டியிருப்பார்.

உங்கள் தம்பிக்கும் இதே கணக்கைப் போடுவோம். பீட்டா 0.8 என்பது பணத்தின் 80 சதவீதத்தைக் குறியீட்டு நிதியிலும் மீதி 20 சதவீதத்தை இடரற்ற வைப்பிலும் வைத்ததற்குச் சமம். அப்படி வைத்திருந்தால் 8.8 சதவீதமும் 1 சதவீதமும் சேர்ந்து 9.8 சதவீதம் கிடைத்திருக்கும். அவர் ஈட்டியதோ 10.6. ஆக அவருக்கு 0.8 சதவீதம் மிச்சம். ஏற்ற சந்தை இடருக்கு உரிய வருமானத்தைக் கழித்தபின் எஞ்சும் இந்தத் தொகையைத்தான் ஜென்சன் ஆல்பா என்கிறோம். உங்கள் ஆல்பா கழித்தல் 0.6, தம்பியுடையது கூட்டல் 0.8.

இதையே கழிக்காமல் வகுத்தும் பார்க்கலாம். இடரற்ற வட்டிக்கு மேல் கிடைத்த உபரி வருமானத்தைப் பீட்டாவால் வகுக்கும் வழியை 1965-இல் ஜாக் ட்ரெய்னர் முன்வைத்தார். உங்கள் உபரி 8.4, அதை 1.5-ஆல் வகுத்தால் 5.6. தம்பியின் உபரி 5.6, அதை 0.8-ஆல் வகுத்தால் 7. சந்தையின் பீட்டா வரையறைப்படியே 1 என்பதால் அதன் விகிதம் 6. வெறும் வருமானத்தை வைத்துப் பார்த்தபோது நீங்கள், சந்தை, தம்பி என்றிருந்த வரிசை, சந்தை இடரின் ஓர் அலகுக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது தம்பி, சந்தை, நீங்கள் என்று தலைகீழாகிவிடுகிறது. ஒப்பீட்டுக்கு நான் ஆல்பாவைவிட ட்ரெய்னர் விகிதத்தையே முதலில் பார்ப்பேன். தம்பி கடன் வாங்கி அதே பங்குகளை இரண்டு மடங்கு வாங்கியிருந்தால் அவருடைய ஆல்பாவும் இரண்டு மடங்காகியிருக்கும். தேர்வுத் திறமை கடுகளவும் கூடியிருக்காது. ட்ரெய்னர் விகிதம் அந்த ஏற்றத்துக்கு அசையாது.

சந்தை ஏறிய ஐந்து ஆண்டுகளை மட்டும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சந்தை ஓர் ஆண்டில் 20 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடரற்ற வட்டி 5 சதவீதமாகவே இருந்தால், உங்கள் பீட்டாவுக்கு உரிய எதிர்பார்ப்பு 32.5 சதவீத வீழ்ச்சி. தம்பியின் பீட்டாவுக்கு உரியது 15 சதவீத வீழ்ச்சி. அந்த ஆண்டின் முடிவில் வீட்டில் எல்லோரும் உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியது இப்போது சொல்வதற்கு நேர்மாறாக இருக்கும். இரண்டு நேரத்திலும் உங்கள் திறமை ஒன்றேதான். மாறியது சந்தை மட்டுமே.

இதுவரை சொன்னதெல்லாம் தம்பிக்குச் சாதகமாக இருக்கிறது. ஆனால் பீட்டா கண்டுகொள்ளாத இடர் ஒன்று உண்டு, உங்கள் கேள்விக்கு அது மிக முக்கியமானது. ஒரு தொகுப்பின் ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதி சந்தையோடு சேர்ந்து வருவது. மறு பகுதி அந்தக் குறிப்பிட்ட பங்குகளுக்கே உரியது. நிறுவனத்தின் தலைவர் விலகுவது, ஓர் ஆலை மூடப்படுவது, ஒரு வழக்கு தோற்பது போன்றவை இரண்டாம் வகை. பல துறைகளில் நிறையப் பங்குகளை வைத்திருப்பவருக்கு இந்த இரண்டாம் பகுதி ஒன்றையொன்று ஈடுகட்டிப் பெருமளவு கரைந்துவிடும். அதனால்தான், அதைச் சுமப்பதற்குச் சந்தை கூடுதல் வருமானம் தரத் தேவையில்லை என்ற வாதத்தின் மேல் ட்ரெய்னர் விகிதம் நிற்கிறது.

தம்பியின் எண்களைப் பிரித்துப் பாருங்கள். சந்தையின் திட்ட விலக்கம், அதாவது வருமானம் தன் சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, 16; தம்பியின் பீட்டா 0.8, ஆகவே சந்தையால் வந்த ஏற்ற இறக்கம் 12.8 சதவீதம். மொத்தமோ 16.2. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 10 சதவீதம் வருகிறது. அது முழுவதும் அவருடைய பங்குகளுக்கே உரிய இடர். பீட்டா இவ்வளவு குறைவாக இருந்தும் தனி இடர் இவ்வளவு இருப்பதைப் பார்த்தால், அவருடைய பணம் சில பங்குகளிலோ ஒரே துறையிலோ குவிந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். உங்கள் தொகுப்பில் சந்தையால் வந்தது 24, மொத்தம் 26. எஞ்சும் தனி இடரும் 10 சதவீதமே. உங்கள் இடர் மிகுதியாகத் தெரிவதற்குக் காரணம் பீட்டா. தனி இடரில் நீங்கள் இருவரும் சமம்.

இப்போது பீட்டாவுக்குப் பதிலாக மொத்தத் திட்ட விலக்கத்தால் வகுப்போம். வில்லியம் ஷார்ப் 1966-இல் முன்வைத்த இந்த விகிதம் உங்களுக்கு 0.32, தம்பிக்கு 0.35, சந்தைக்கு 0.375. ட்ரெய்னர் கணக்கில் சந்தைக்கு மேலே நின்ற தம்பி, ஷார்ப் கணக்கில் சந்தைக்குக் கீழே வந்துவிட்டார். இரண்டில் எது சரி என்று கேட்பீர்கள். அந்தப் பணம் அவருடைய வாழ்வில் என்ன இடம் வகிக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். இந்தத் தொகுப்புதான் அவருடைய மொத்தச் சேமிப்பு என்றால், ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியும் சந்தையின் வீழ்ச்சியும் அவரை ஒரே மாதிரிதான் தாக்கும். அங்கே ஷார்ப் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். வேறு பல முதலீடுகளுக்கு நடுவே இது ஒரு சிறு பகுதி என்றால், தனி இடர் மற்றவற்றோடு கலந்து கரைந்துவிடும். அங்கே ட்ரெய்னர் விகிதம் பொருந்தும். உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து, இருவருக்கும் இதுவே பெரும்பகுதிச் சேமிப்பு என்று தோன்றுகிறது. அப்படியானால் நான் ஷார்ப் பக்கம்தான் நிற்பேன்.

ஆண்டுச் சராசரி என்று நீங்கள் குறிப்பிட்டது எந்தச் சராசரி என்பதையும் பாருங்கள். ஐந்து ஆண்டு வருமானங்களைக் கூட்டி ஐந்தால் வகுத்த சராசரி என்றால், கூட்டு வளர்ச்சி விகிதம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஏற்ற இறக்கம் கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும். திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில் பாதியைக் கழிப்பது பொதுவான தோராயம். அப்படிக் கழித்தால் உங்கள் 13.4 சதவீதம் 10 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது. சந்தையின் 11 சதவீதம் 9.7 ஆகிறது. நீங்கள் சந்தையைவிட 2.4 சதவீதம் முன்னே இருப்பதாகத் தெரிந்தது, கையில் உண்மையாகப் பெருகிய பணத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்றரை மடங்கு சந்தை இடருக்குக் கிடைத்த கூலி அவ்வளவே.

அடுத்து, இந்த ஆல்பாக்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. இதைத்தான் பல அறிக்கைகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. ஆல்பாவின் திட்டப்பிழை, அதாவது கணித்த எண் உண்மையிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதன் அளவு, தனி இடரை ஆண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ வரும். உங்கள் இருவருக்கும் தனி இடர் 10 சதவீதம். ஐந்தின் வர்க்கமூலம் 2.24, ஆகவே பிழை சுமார் 4.5 சதவீதம். தம்பியின் ஆல்பா 0.8 என்று எழுதியிருந்தாலும், ஏறத்தாழ கூட்டல் 9.6 முதல் கழித்தல் 8 வரை எங்கு வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம் என்பதே அதன் பொருள். அந்த 0.8 தற்செயல் அல்ல என்று வழக்கமான 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், இதே தனி இடரோடும் இதே ஆல்பாவோடும் 600 ஆண்டுகளுக்கு மேல் பதிவுகள் தேவைப்படும். உங்கள் கழித்தல் 0.6-க்கும் இதே நிலைதான். நீங்கள் திறமையற்றவர் என்றும் அது நிரூபிக்கவில்லை. பீட்டாவின் கதை வேறு. 60 மாதப் பதிவுகளிலிருந்து கணித்தால் உங்கள் பீட்டாவின் திட்டப்பிழை 0.08 மட்டுமே; உண்மையான பீட்டா 1.34-க்கும் 1.66-க்கும் இடையில் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். ஆக, உங்கள் பதிவுகளிலிருந்து உறுதியாக அறியக்கூடியது நீங்கள் அதிக இடர் ஏற்றீர்கள் என்பதே; நன்றாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதை அவை சொல்லவில்லை.

தொழில்முறை நிர்வாகிகளுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. மைக்கேல் ஜென்சன் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், 1945 முதல் 1964 வரையிலான காலத்தில் 115 அமெரிக்கப் பரஸ்பர நிதிகளை இந்த அளவுகோலால் அளந்தார். செலவுகளைக் கழித்தபின் அவை சராசரியாக ஆண்டுக்கு 1.1 சதவீதம் குறைவாகவே ஈட்டியிருந்தன. முழுநேரமும் இதையே செய்தவர்களின் நிலை அது என்பதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

தரகு நிறுவனத்தின் அறிக்கையில் உள்ள பீட்டாவை அப்படியே ஏற்காமல் நீங்களே ஒருமுறை கணித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எக்செல் போன்ற விரிதாளில் 60 மாதங்களுக்கு 60 வரிசைகள் போதும். ஒரு பத்தியில் உங்கள் தொகுப்பின் மாத வருமானம், இன்னொன்றில் குறியீட்டின் மாத வருமானம், மூன்றாவதில் அந்த மாதத்துக்குரிய இடரற்ற வட்டி. முதல் இரண்டிலிருந்தும் மூன்றாவதைக் கழித்துவிட்டு, ஸ்லோப் சூத்திரத்தால் பீட்டாவும் இன்டர்செப்ட் சூத்திரத்தால் மாத ஆல்பாவும் கிடைக்கும். ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சந்தை 4 சதவீதமும் உங்கள் தொகுப்பு 7.1 சதவீதமும் ஏறின. அந்த மாத வட்டி 0.4. உபரிகள் 3.6-உம் 6.7-உம். 3.6-இன் ஒன்றரை மடங்கான 5.4 சந்தை உங்களைத் தூக்கிச் சென்ற உயரம், எஞ்சிய 1.3 மட்டுமே உங்கள் பங்குகள் தாமாக ஏறியது. அறுபது மாதங்களுக்கும் இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, வெற்றி என்று நீங்கள் நினைவில் வைத்திருக்கும் மாதங்களில் பல சந்தையின் மாதங்களாகவே இருக்கக் காண்பீர்கள்.

அப்படிக் கணிக்கும்போது இடையில் போட்ட பணம் வருமானமாக நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் 100 இருந்து, கடைசி நாளில் 20 சேர்த்து, முடிவில் 125 இருந்தால் அந்த மாத வருமானம் 25 சதவீதம் அல்ல, 5 சதவீதமே. இப்படி மாதந்தோறும் திருத்திய விகிதங்களையே சங்கிலியாகப் பெருக்க வேண்டும். உங்கள் வருமானத்திலிருந்து தரகுக் கட்டணம் கழிந்திருக்க வேண்டும். ஒப்பிடும் குறியீட்டில் ஈவுத்தொகை சேர்ந்திருக்க வேண்டும். கடிதத்தில் சொன்ன 11 சதவீதம் விலைக் குறியீட்டின் எண் என்றால் சந்தை இன்னும் உயரத்தில் இருக்கிறது.

குறியீடு எது என்பதும் சிறிய விஷயம் அன்று. பெரிய நிறுவனங்களின் குறியீட்டோடு, சிறிய நிறுவனப் பங்குகள் நிறைந்த தொகுப்பை ஒப்பிட்டால் வரும் ஆல்பா, சிறிய நிறுவனங்கள் பொதுவாக ஏறியதையோ இறங்கியதையோதான் காட்டும். அரிதாகக் கைமாறும் பங்குகளாக இருந்தால் அவற்றின் விலை சந்தையைச் சற்றுத் தாமதித்துத் தொடரும். பீட்டா உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தம்பியின் 0.8-ஐ இந்தக் கண்ணோடும் ஒருமுறை சோதியுங்கள். உண்மையில் அது 0.95 ஆக இருந்தால் அவருக்கு உரிய வருமானம் 10.7 ஆகி, ஆல்பா மறைந்துபோகும். எல்லாச் சொத்துகளையும் உள்ளடக்கிய உண்மையான சந்தையை எவராலும் அளக்க முடியாது. ஆகவே எந்தக் குறியீட்டைத் தேர்கிறோமோ அதற்கேற்பத் தரவரிசையும் மாறலாம் என்று ரிச்சர்ட் ரோல் 1977-இலேயே சுட்டிக்காட்டினார். இந்த அளவுகோல்களைக் கைவிட அது காரணமாகாது. ஒரே ஒரு குறியீட்டோடு ஒப்பிட்டு முடிவெடுக்காமல் இருக்க அது காரணம்.

இனி வீட்டாரின் யோசனைக்கு வருகிறேன். தம்பியின் பங்குகளை விற்று அந்தப் பணத்தையும் உங்கள் பாணியில் முதலீடு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய பீட்டா 0.8-இலிருந்து 1.5-க்குப் போகும், அவ்வளவுதான் நிச்சயமாக நடக்கும். ஆனால் இரண்டு தொகுப்புகளையும் அவற்றின் பங்குகளை மாற்றாமல், சம அளவில் ஒரே குடும்பத் தொகுப்பாகக் கருதினால் கணக்கு சுவையாக மாறுகிறது. வருமானம் 12, பீட்டா 1.15, தனி இடர்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றால் அவை இரண்டும் சேர்ந்து 10-இலிருந்து 7-க்கு இறங்கும், மொத்தத் திட்ட விலக்கம் ஏறத்தாழ 19.7. ஷார்ப் விகிதம் 0.355. இது உங்கள் இருவரின் தனித்தனி விகிதத்தையும்விட மேல். யாருடைய திறமையும் இதற்காகக் கூட வேண்டியதில்லை. இருவரும் ஒரே துறைப் பங்குகளை வைத்திருந்தால் இந்த நன்மை குறையும் என்பதால், இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பொதுவான பெயர்களை முதலில் அடையாளம் காணுங்கள். அப்போதும் சந்தையின் 0.375-ஐ எட்டவில்லை என்பதால், இருவரின் பணத்திலும் ஒரு பெரும் பகுதியைக் குறைந்த கட்டணக் குறியீட்டு நிதிக்கு மாற்றிவிட்டு, நீங்கள் விரும்பித் தேர்ந்த பங்குகளை எஞ்சிய பகுதியில் வைத்துக்கொள்வதே என் ஆலோசனை.

தம்பி தம் பணத்துக்கு எவ்வளவு பீட்டா வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். சந்தை 20 சதவீதம் விழும் ஆண்டில் தம் சேமிப்பில் எவ்வளவு குறையலாம் என்று அவரிடம் கேட்டால், அந்த விடையிலிருந்து பீட்டாவை நீங்கள் கணித்துவிடலாம். 10 சதவீதம்வரை தாங்குவேன் என்றால், 5 சதவீத வட்டிக் கணக்கில் அவருக்கு ஏற்றது 0.6. அந்த எண்ணையும், ஒப்பிடப்போகும் குறியீட்டின் பெயரையும், இன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு கழித்து எந்தக் குறியீடு நமக்குச் சாதகமாகத் தெரிகிறதோ அதைத் தேடி எடுத்து ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். முன்கூட்டியே எழுதிவைத்த தாள் கையில் இருந்தால் அதற்கு இடமிராது.